சென்னையில் பிள்ளைகளோடு குடில் பார்க்க: டிசம்பர் 26க்குப் பிறகு கிளம்புங்கள்

டிசம்பர் 24 இரவு பதினொரு மணிக்கு சாந்தோம் நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் தெரியும்: வண்டி நிறுத்த இடம் தேடி மூன்றாவது சுற்று வரும் கார்கள், தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கும் அப்பாக்கள், பளபளக்கும் புதுச் சட்டையில் அரிப்பு தாங்காமல் அழும் ஒன்றிரண்டு குரல்கள். நள்ளிரவுத் திருப்பலி பெரியவர்களுக்கு அழகான வழிபாடு. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அது முழங்கால்களின் காடு. முன்னால் நிற்பவரின் இடுப்புக்கு மேல் எதுவும் தெரியாது. இயேசு பிறந்த தொழுவத்தைச் சிலைகளோடு காட்டும் குடில் பக்கம் நெருங்கவே முடியாது.

குடிலும் விளக்கும் 25ஆம் தேதியோடு காணாமல் போய்விடுவதில்லை. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள் வரைக்கும் பெரும்பாலான கத்தோலிக்கப் பங்குகளில் (அந்தந்தப் பகுதி ஆலயங்களில்) குடில் அப்படியே இருக்கும். அதற்கு மரபான தேதி ஜனவரி 6. நம்மூரில் அதையொட்டிய ஞாயிறன்று கொண்டாடுகிறார்கள். அரையாண்டு விடுமுறையும் இந்த நாட்களில்தான் வரும். மழையும் அநேகமாக ஓய்ந்திருக்கும். டிசம்பர் 26 முதல் ஜனவரி முதல் வாரம் வரை, மாலை நாலு மணிக்குப் போனால் குடிலுக்கு முன்னால் உட்கார்ந்தே பார்க்கலாம்.

ஆனால் 24க்கு முன்னால் ஒரு தடவை, அதே குடிலை எட்டிப் பார்த்துவிட்டு வருவது நல்லது. முறையாக வைத்த குடிலில் அப்போது தீவனத் தொட்டி காலியாக இருக்கும். நள்ளிரவுத் திருப்பலியில் ‘வானவர் கீதம்’ பாடி மணியடிக்கும் நேரத்தில்தான் பாலன் இயேசுவின் சுரூபத்தை (சிலையை) வைப்பார்கள். மூன்று ராஜாக்களும் முதல் நாளே மாட்டுத் தொழுவத்துக்குள் வந்துவிடக் கூடாது. குடிலின் ஓர் ஓரத்தில் ஒட்டகத்தோடு நிற்க வேண்டும், நாளாக ஆக நெருங்கி வர வேண்டும். எல்லாப் பங்கிலும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. “இன்னைக்கு ராஜா எங்க நிக்கிறாரு?” என்று கேட்டால் போதும், பிள்ளைகள் அடுத்த முறையும் தாங்களாகவே கிளம்பிவிடுவார்கள். 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி நகரப் புனித பிரான்சிஸ் வைத்த குடிலில் உயிருள்ள மாடும் கழுதையும் நின்றன. நம்மூர்க் குடில்களில் கிணறு, வாத்துக் கூட்டம், உலக்கை பிடித்த பெண், சில இடங்களில் ஓடும் ரயில்கூட இருக்கும். பெத்லகேமில் ரயில் ஏது என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும்.

எங்கே போகலாம்

ஒரு நாளைக்கு இரண்டு இடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் ஐந்து கோயில் என்று கிளம்புகிறவர்கள் மூன்றாவது இடத்தில் ஐஸ்கிரீம் கடைக்கு முன்னால் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

முதல் தேர்வு சின்னமலையும் பரங்கிமலையும். இரண்டுக்கும் மெட்ரோவில் போகலாம் என்பதே பாதி வேடிக்கை. சின்னமலை நிலையத்தில் இறங்கினால் கோயில் கிட்டத்தில். இயேசுவின் சீடர் புனித தோமா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் சிறிய குகை அங்கே இருக்கிறது. பெரியவர்கள் குனிய வேண்டும், பிள்ளைகள் நேராக நுழைவார்கள். பாறையடியில் நீரூற்றும் உண்டு. அங்கிருந்து நீல வழித்தடத்தில் ஆலந்தூர் வந்து, பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையமே பரங்கிமலை.

பரங்கிமலையில் ஆட்டோ மேலே வரை போகும். தாத்தா பாட்டியை அதில் அனுப்பிவிட்டு, பிள்ளைகளைப் படியில் ஏற்றுங்கள். உயரம் சுமார் 300 அடி, படிகள் நூற்று முப்பதுக்கு மேல். அந்தப் படிகளைக் கட்டக் காசு கொடுத்தவர் ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான். அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டைப் பாலத்தை முதலில் கட்டியவரும் அவர்தான். ஏறும் வழியில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப் பாதை நிலைகள் வரும், ஒவ்வொன்றிலும் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மேலே போர்த்துகீசியர் காலத்துச் சிற்றாலயம். பீடத்தில் பஹ்லவி (பழைய பாரசீக) எழுத்துப் பொறித்த கற்சிலுவை இருக்கிறது; முன்பு அதில் இரத்தம் கசிந்தது என்பது மரபு. இந்த ஆலயத்து மாதாவின் பெயரே பேறுகாலத்தை எதிர்நோக்கும் தாய் என்ற பொருள் தருவது. அவருக்குரிய நாள் டிசம்பர் 18, அதாவது கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். மலையுச்சிச் சுவரோரம் நின்றால் மீனம்பாக்கம் விமான நிலையம் தெரியும், விமானம் இறங்குவதும் ஏறுவதும் தெரியும். நாலரை மணிக்கு மேலே இருந்தால் வெளிச்சம் இருக்கும்போது விமானம், இருட்டத் தொடங்கியதும் ஊர் முழுக்க விளக்கு என்று இரண்டும் கிடைக்கும். நண்பகலில் ஏறாதீர்கள், டிசம்பர்தானே என்று நினைத்தால் பாறைச் சூடு ஏமாற்றிவிடும். தண்ணீர் கீழேயே வாங்கிவிடுங்கள். இறங்கும்போது படியில் ஓட விடாதீர்கள், மழை பெய்த மறுநாள் வழுக்கும்.

அடுத்தது லஸ், சாந்தோம். லஸ் பிரகாச மாதா ஆலயத்தைப் பழைய மயிலாப்பூர்க்காரர்கள் காட்டுக் கோயில் என்பார்கள். கல்வெட்டில் 1516 என்ற ஆண்டு இருக்கிறது. சின்னக் கோயில், கூட்டம் குறைவு, வளாகத்தில் நிழல். அங்கே தொடங்கி சாந்தோம் போவது சரி, மறுபக்கமாக வந்தால் பெரியதைப் பார்த்த கண்ணுக்குச் சின்னது எடுபடாது. இடையில் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். மெட்ரோ வேலையால் லஸ், மந்தைவெளிப் பக்கம் பாதை அடிக்கடி மாறுவதால் சொந்த வண்டியை விட ரயிலில் திருமயிலை இறங்கி ஆட்டோ பிடிப்பது மேல்.

சாந்தோம் பேராலயத்தின் இப்போதைய வெள்ளைக் கட்டடம் 1896இல் முடிந்தது. கோபுர உயரம் 155 அடி. பிள்ளையை அடியில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பலரும் முன்வாசலில் நுழைந்து, குடிலைப் பார்த்து, படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். புனித தோமாவின் கல்லறைக்குப் பேராலயத்தின் பின்பக்கம் தனி வழி இருக்கிறது. தரைக்குக் கீழே இறங்க வேண்டும். அங்கே பேசக் கூடாது, செபம் செய்கிறவர்கள் இருப்பார்கள். “ரகசிய அறை” என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் துறுதுறுப்பான பிள்ளையும் ஐந்து நிமிடம் வாயைத் திறக்காது. பின்பக்கம் கடற்கரை. டிசம்பர்க் கடல் அலை வேகமானது, திரும்பி இழுக்கும் நீரோட்டமும் வலுவானது. கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் விடாதீர்கள். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்துக்குப் போய்விட்டு எலியட்ஸ் கடற்கரையில் இறங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

மூன்றாவது, சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு: எழும்பூர் புனித அந்திரேயா ஆலயம். ஸ்காட்டிஷ் சபைக்காக 1821இல் திறக்கப்பட்டது. வட்டமான கட்டடம், உள்ளே அண்ணாந்தால் நீல விதானத்தில் நட்சத்திரங்கள். அடியில் மண் இளகலாக இருந்ததால் சுடுமண் உறைக் கிணறுகளை இறக்கி அவற்றின் மேல் அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் பத்து வயதுப் பையன் நம்ப மறுப்பான். அதே பயணத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தையும் பார்க்கலாம். 1680இல் அர்ப்பணிக்கப்பட்டது, குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று கூரையை வளைவாகத் தடித்துக் கட்டியிருக்கிறார்கள். கோட்டைக்குள் பாதுகாப்புச் சோதனை உண்டு, பெரியவர் ஒருவராவது அடையாள அட்டை வைத்திருங்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இந்த இரண்டு ஆலயங்களும் வழிபாட்டு நேரம் தவிர மற்ற நேரத்தில் பூட்டியிருக்கவும் கூடும் என்பதால் முதல் நாளே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மால்களில் நாலு மாடி உயர மரம், பனித்தூள், செல்ஃபி வரிசை எல்லாம் இருக்கிறது. மழை நாளுக்கு உதவும். அவ்வளவுதான்.

கேரல் ஆராதனையும் கிறிஸ்துமஸ் தாத்தாவும்

பாட்டில் நாட்டமுள்ள பிள்ளைக்கு நள்ளிரவுத் திருப்பலியைவிட சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளின் கேரல் ஆராதனை, அதாவது கிறிஸ்துமஸ் பாட்டு வழிபாடு, பொருத்தம். டிசம்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் மாலையில் நடக்கும், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும், வாசகம் ஒன்று பாட்டு ஒன்று என்று மாறி மாறி வருவதால் சலிப்புத் தட்டாது. யாரும் போகலாம். அரை மணி முன்னால் போய் நடைபாதை ஓர இருக்கை பிடியுங்கள். பாடகர் குழு வரிசையாக நடந்து வருவது பக்கத்தில் தெரியும், பாதியில் எழுந்து போகவும் வசதி. கடைசியில் விளக்கணைத்து எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி கொடுக்கும் வழக்கம் சில சபைகளில் உண்டு. உருகிய மெழுகு கையில் சொட்டினால் பிள்ளை வர்த்தியைக் கீழே போட்டுவிடும். கீழே முன்வரிசைக்காரரின் பட்டுப் புடவை. காகிதக் கப்பின் அடியில் துளையிட்டு அதற்குள் வர்த்தியைச் செருகிக் கொடுங்கள். சுடர் பட்டுவிடாமலிருக்க, சடை போட்ட பெண் பிள்ளைகளை வரிசைக் கடைசியில் நிறுத்தி, சடையைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

வீடு வீடாக வரும் கேரல் ரவுண்ட்ஸில் பிள்ளைகளைச் சேர்ப்பது இன்னும் நல்லது. குழு ஏழு மணிக்குக் கிளம்பினால் நள்ளிரவாகிவிடும். முதல் ஐந்தாறு வீடுகளுக்கு மட்டும் கூட அனுப்புங்கள். ஒரு வீட்டில் இரண்டு பாட்டு, ஒரு வேத வசனம், ஒரு ஜெபம், கேக், அடுத்த வீடு. நாலாவது வீட்டுக் கேக்கோடு நிறுத்தச் சொல்லிவையுங்கள். குழு உங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தால் வாசல் விளக்கைப் போடுங்கள், கேட்டைத் திறந்து வையுங்கள், நாயைக் கட்டுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கண்டு அலறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் மூன்று வயதுக்குட்பட்டவர்கள். காரணம் தாடி அல்ல, அசையாத பிளாஸ்டிக் முகமூடி. குரல் வருகிறது, வாய் அசையவில்லை என்பதுதான் அவர்களை மிரட்டுகிறது. முகமூடி இல்லாமல் பஞ்சுத் தாடி மட்டும் ஒட்டிய தாத்தாவிடம் அதே பிள்ளை மிட்டாய் வாங்கிக்கொள்ளும். உங்கள் பெரிய பையன் தாத்தா வேஷம் போடுவதாக இருந்தால் இதை யோசியுங்கள். முகமூடியின் கண் ஓட்டை வழியாகக் கீழே படி தெரியாது, நைலான் அங்கிக்குள் வியர்த்துக் கொட்டும்.

வீட்டில் செய்ய: ஸ்டார்

கடையில் எல்.இ.டி. ஸ்டார் வாங்கித் தொங்கவிடுவது பத்து நிமிட வேலை. மூங்கிலில் கட்டினால் ஒரு சனிக்கிழமை முழுக்க ஓடும், பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும்.

60 செ.மீ. நீள மூங்கில் குச்சி பத்து, 12 செ.மீ. குச்சி ஐந்து. தடிமன் ஐந்தாறு மில்லிமீட்டர். பத்தும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டார் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். மூங்கிலைப் பிளப்பதும் சீவுவதும் பெரியவர் வேலை, சிராய் ஏறும். ஒவ்வொரு நீளக் குச்சியிலும் இரு முனையிலிருந்தும் 23 செ.மீ. தள்ளிப் பென்சில் கோடு போடுங்கள். ஐந்து குச்சிகளை நட்சத்திரமாகத் தரையில் அடுக்கினால் அவை வெட்டிக்கொள்ளும் இடம் எல்லாமே அந்தக் கோட்டில் விழ வேண்டும். விழுந்தால் ஐந்து முனையும் சமம். முதலில் முனைகளைச் சணல் நூலால் கட்டி, கோடுகளைச் சரிபார்த்து, பிறகுதான் நடு வெட்டுகளை இறுக்க வேண்டும். அவசரப்பட்டு நடுவை முதலில் இறுக்கியவர்கள் அவிழ்த்துக் கட்டுவார்கள்.

இப்படி இரண்டு செய்து, ஒன்றன் மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு இரண்டுக்கும் நடுவே, வெட்டும் புள்ளிகளில் 12 செ.மீ. குச்சிகளை நெம்பிச் செருகிக் கட்டினால் ஸ்டார் வயிறு உப்பி நிற்கும். குச்சியை 20 செ.மீ.க்கு நீட்டினால் இன்னும் குண்டாக வரும் என்று தோன்றும், முனைக்கட்டு பிய்த்துக்கொள்ளும்.

காகிதம் வாங்கும்போது முன்னும் பின்னும் மட்டும் கணக்குப் போடுவார்கள். கைகளின் பக்கவாட்டில் பத்து ஒல்லி முக்கோணங்கள் இருக்கின்றன. 50க்கு 70 செ.மீ. மெல்லிய வண்ணத்தாள் இரண்டு போதும், கிழிசலுக்கு ஒட்டுப் போட மூன்றாவது. மைதாப் பசையில் அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கும் பசையில் வேண்டாம், ஒரு மாதம் தாங்கினால் போதும். பசை காயும்போது தாள் தானே இறுகும், அதனால் ஒட்டும்போது ரொம்ப இழுக்காதீர்கள். பின்பக்கம் ஒரு முக்கோணத்தை ஒட்டாமல் விட்டால் பல்பு போட வாசல்.

பல்பு எல்.இ.டி.தான், மூன்று வாட் தாராளம். பழைய குண்டு பல்பு தாளைக் கருக்கிவிடும். பால்கனியில் தொங்கவிட்டால் ஒயரை மேலிருந்து நேரே ஹோல்டருக்குள் இறக்காமல், ஹோல்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றுங்கள். மழைத் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், ஹோல்டருக்குள் போகாது. நடுவில் ஒட்டுப்போட்ட ஒயர் வேண்டவே வேண்டாம். மழை பிடித்துக்கொண்டால் சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டாரை உள்ளே எடுங்கள், பசை மழைக்குத் தாங்காது.

குடிலுக்குப் புல்

வீட்டுக் குடிலில் பிள்ளைகளின் பங்கு சுரூபம் அடுக்குவதல்ல, புல் வளர்ப்பது. டிசம்பர் 14 அல்லது 15ஆம் தேதி இரண்டு மேசைக்கரண்டி கேழ்வரகை இரவு முழுக்க ஊறவையுங்கள். மறுநாள் துணியில் முடிந்து, முளை தெரிந்ததும் ஏ4 தாள் அளவுள்ள தட்டில் ஓரங்குலம் தென்னை நார்த்தூள் பரப்பி அதன் மேல் தூவுங்கள். மண்ணால் மூட வேண்டாம். முளை எட்டிப் பார்க்கும்வரை ஈரத் துணி போர்த்தி, பிறகு ஜன்னலோரம். 24ஆம் தேதிக்கு ஏறக்குறைய இரண்டங்குல உயரத்தில் பச்சைக் கம்பளமாக நிற்கும்.

கெடுவது பெரும்பாலும் தண்ணீரால். பிள்ளைகள் அன்பு மிகுந்து நாளுக்கு ஐந்து தடவை ஊற்றுவார்கள். மார்கழி ஈரத்தில் இரண்டே நாளில் வெள்ளைப் பூஞ்சை படரும். கையில் தெளிப்பானைக் கொடுங்கள், காலை ஒரு தடவை மாலை ஒரு தடவை. வெளிச்சம் போதாவிட்டால் வெளிறி நெட்டையாக வளர்ந்து சாயும். ஒரே பக்கம் வெளிச்சம் பட்டால் அந்தப் பக்கம் சாயும், தினமும் தட்டைத் திருப்புங்கள். எறும்பு விதையைத் தூக்கிப் போகும், தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்துக்குள் ஒரு கிண்ணத்தின் மேல் வையுங்கள். பச்சைப்பயறு சீக்கிரம் முளைக்கிறதே என்று போட்டால் ஒரு வாரத்தில் ஆட்டிடையரைவிட உயரமாகிவிடும்.

நிற்கும் சுரூபம் 15 செ.மீ. என்றால் குடிசைக் கூரை 30 செ.மீ., மொத்தப் பரப்பு 90க்கு 60 செ.மீ. போதும். உயரமான சுரூபங்கள் முன்னால், சின்ன ஆடுகள் பின்னால் மலையில், தூரம் தெரியும். மதுரைப் பக்கம் விளாச்சேரியில் செய்யும் களிமண் குடில் செட்டுகள் முகக்களையோடு இருக்கும், ஆனால் சுடாத மண் செட்டு எதுவானாலும் ஈரத்தில் ஊறி வண்ணம் உரியும். அதனால் புல் தட்டின் மேல் நேராக நிறுத்தாமல் சின்ன அட்டையோ ஓடோ வைத்து நிறுத்துங்கள். ஆற்றுக்கு நிஜத் தண்ணீர் வேண்டாம், நீலத்தாள் மேல் கண்ணாடித் துண்டு போதும். விளிம்பை மணலால் மூடுங்கள். வைக்கோல் கூரைக்குள் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. சீரியல் லைட் எல்.இ.டி.யாக இருந்தாலும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி சூடாகும், அது வைக்கோலைத் தொடாமல் மேசைக்கு வெளியே தொங்கட்டும். தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

ராஜாக்கள் திருநாள் முடிந்து கலைக்கும்போது புல் தட்டைத் தெருவில் வரும் மாட்டுக்குக் கொடுக்கலாம், பிள்ளைகள் கையாலேயே. வைக்கோலை மட்டும் அப்படிக் கொடுக்காதீர்கள்; அதில் ஜிகினாவும் குண்டூசியும் கலந்திருக்கும். சுரூபங்களைச் செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள், குமிழி பிளாஸ்டிக் உறை கோடையில் வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். மாட்டுக்குக் கொம்பும் தேவதூதருக்கு இறக்கையும் ஒடிவது சகஜம். எம்-சீலில் பொருத்தி, ஒரு நாள் காயவிட்டு எனாமல் பூசி, அதற்குப் பிறகு பெட்டியை மூடுங்கள். அடுத்த டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் ஒடிந்த துண்டு கிடைக்காது.